மூச்சு விடாத எட்டு பேனல்கள்

அத்தியாயம் 5

காலர் மாடிப்படி ஏறினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். ஆள் கனம் இல்லை, சட்டை அப்படி. கஞ்சி போட்டுத் தேய்த்து, கழற்றி வைத்தால் தானே எழுந்து நிற்கிற சட்டை. காலர் என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததுதான். துப்பறியும் உதவியாளன் பூனை மாதிரி நடக்க வேண்டாமா என்று யாராவது கேட்டால், "நான் வர்றது தெரிஞ்சாத்தானே குற்றவாளி ஓடுவான், ஓடினாத்தானே பிடிக்க முடியும்" என்பான்.

அவனுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவள் அண்ணி. அவனுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள். துப்பறிவது தொழில். ஊரே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அண்ணன் அவளிடம் ஒரு விஷயத்தையும் மறைத்ததில்லை. நல்லவன் என்பதால் அல்ல, மறைத்துப் பார்த்துக் களைத்துப்போனதால்.

"தம்பி, மெதுவா ஏறு. பேச்சுக் குரல் கேக்குது, ஒண்ணும் புரியல."

"நான் வாயே திறக்கல அண்ணி. பேசுறது சட்டை."

செருப்புக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. வழுவழுப்பான தரை, தலைக்கு மேல் காங்கிரீட், ஒரு பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், மற்ற மூன்று பக்கமும் வெறுஞ்சுவர். வாடகை அறை. சுவரில் ஒரு ஆணி அடித்தால் வீட்டுக்காரர் அடித்தவரை அடிப்பார். அதனால் அறை நடுவே ஒரு மைக்கைச் சுற்றி எட்டு பேனல்கள் வட்டமாக நின்றன. ஆளுயர மரச்சட்டம், அதற்குள் தடிமனான பஞ்சு, பஞ்சுக்கு மேல் சாம்பல் நிறத் துணி, அடியில் மடக்குகிற கால். பாட்டுப் பதிவு முடிந்தால் மடக்கி வண்டியில் ஏற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோய்விடலாம்.

கதவின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. 'இந்த அறையில் தின்பதும் குடிப்பதும் கூடாது. மீறுகிறவர் என் தங்கை புருஷனாக இருந்தாலும் விடமாட்டேன். இப்படிக்கு, பேனல் செய்தவன்.'

அந்தப் பேனல் செய்தவர்தான் மதியம் அண்ணிக்குப் போன் செய்திருந்த தச்சர். அட்டையில் குறிப்பிட்ட தங்கை புருஷன், இசையமைப்பாளர், ஜன்னலோரம் நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, வலது கை இறக்கிப் பட்டன் போட்டது, இடது கை மட்டும் முழங்கை வரை சுருட்டியது. சட்டை விஷயத்தில் காலருக்கு இரக்கமே கிடையாது. 'ஒண்ணு ரெண்டையும் மடி, இல்ல ரெண்டையும் விடு' என்று மனசுக்குள் திட்டினான். இருவருக்கும் நடுவில், யார் பக்கமும் சாயாமல், தங்கை நின்றாள். பாடகி அவள்தான்.

தச்சர் வட்டத்துக்குள் போய் ஒரே ஒரு தடவை கைதட்டினார். டர்ர்ர் என்று அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடியது.

"கேட்டீங்களா? மூணு நாள் முன்னாடி இதே இடத்துல தட்டினா 'தப்'புனு ஒரே சத்தம், அதோட செத்துடும். அன்னிக்கு என் தங்கச்சி பாடினது தேன் மாதிரி பதிவாச்சு. நேத்துப் பாடினா குளியலறையில பாடுற மாதிரி கேக்குது."

"பேனல் ஏதாவது காணாமப் போச்சா?" என்றாள் அண்ணி.

"எட்டும் இருக்கு. தரையில டேப் ஒட்டி அடையாளம் வெச்சிருக்கேன், ஒரு விரக்கடை நகரல."

"அப்ப திருடு போனது என்ன?"

"அமைதிங்க" என்றார் தச்சர்.

காலர் குறிப்பேட்டில் 'காணாமல் போன பொருள்: அமைதி' என்று எழுதிக்கொண்டு, "நிறம், எடை ஏதாவது?" என்றான். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் பேனா தானாக மூடிக்கொண்டது.

இசையமைப்பாளர் வாயைத் திறந்தார். "நல்ல பஞ்சை உருவிட்டுக் குப்பையை அடைச்சிருக்கார். இந்த அறைக்கு இன்னொரு சாவி அவர்கிட்டதான் இருக்கு. புது ஆர்டருக்குப் பஞ்சு வேணுமில்ல."

"மாப்ள, வார்த்தையை அளந்து பேசு" என்ற தச்சரின் குரல் உடைந்தது. அவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "புத்தகங்களைக் குரல்ல பதிவு பண்ற நிலையம் ஒண்ணு இருக்கு. அதோட மேலாளர் நாலு மணிக்கு இங்க வர்றாங்க. நேர்ல கேட்டுட்டுப் பிடிச்சா நாப்பது பேனல். அஞ்சு மாசமா என் பட்டறையில வேற வேலையே இல்ல. அதுகூடப் போகட்டுங்க. பஞ்சுத் திருடன்னு பேரை வாங்கிக்கிட்டு தங்கச்சி வீட்டு வாசல்ல நான் எப்படி ஏறுவேன்?"

"என் அண்ணன் திருடன்னா நான் திருடன் தங்கச்சி" என்றாள் பாடகி. "திருடன் தங்கச்சி பாட மாட்டா. நாலு மணிக்கு யார் வந்தாலும் சரி."

மணி ஒன்றரை.

காலர் சட்டென்று முன்னால் வந்தான். வழக்கைத் தானே முடித்துவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு மாதம் ஒருமுறை வரும். "பேச்சு எதுக்கு அண்ணி? பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடப் போகுது. உள்ள பழைய துணி இருந்தா திருட்டு, பஞ்சு இருந்தா..."

"தம்பி, கையில உறை..." என்று அண்ணி ஆரம்பிப்பதற்குள் அவன் ஒரு பேனலின் பின்பக்க வெல்க்ரோ பட்டியைப் பரக்கென்று பிரித்து, இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டுவிட்டான். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பஞ்சு இருக்கு அண்ணி. கெட்டியா, மேலேருந்து கீழ வரைக்கும்."

"அது ராக் வூல்" என்றார் தச்சர் பரிதாபமாக. "பாறையை உருக்கி நூலா இழுத்துச் செய்யறது. வெறுங்கையால தொட்டா..."

தொட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லி முடிக்கவே இல்லை. காலர் சொறிய ஆரம்பித்திருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவனுக்கோ ஒரு குற்றமும் இல்லாமல் முழங்கை வரை குறுகுறுத்தது. மற்ற ஏழு பேனல்களையும் தச்சர் உறை மாட்டிக்கொண்டு பிரித்துக் காட்டினார். எட்டிலும் பஞ்சு அப்படியே இருந்தது.

"பஞ்சு இருக்குன்னா சத்தம் ஏன் இப்படி?" என்றார் இசையமைப்பாளர். இப்போது அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். அதை அண்ணி கவனித்தாள்.

அவள் பேனல்களின் பின்னால் குனிந்தபடியே ஒரு சுற்று வந்தாள். ஒவ்வொரு சட்டத்திலும் சூட்டுக்கோலால் ஓர் எண் பொறித்திருந்தது. ஒவ்வொரு துணியின் உள்விளிம்பிலும் ஓர் எண் தைத்திருந்தது.

"ஆறாம் நம்பர் சட்டத்துல மூணாம் நம்பர் துணி மாட்டியிருக்கு" என்றாள். "ரெண்டுல எட்டு. அஞ்சுல ஒண்ணு."

தச்சருக்கு முகம் சுருங்கியது. "அது எப்படிங்க? ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனியா அளவெடுத்துத் தெச்சது. மாத்தி மாட்டினா ஓரம் இழுக்கும். கண்ணைக் கட்டி விட்டாலும் நான் மாத்த மாட்டேன்."

"நீங்க மாத்த மாட்டீங்க. அதான் எனக்கும் வேணும். யாரோ எட்டுத் துணியையும் கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாம மாட்டியிருக்காங்க. பஞ்சைத் தொடல. அவங்களுக்கு வேண்டியது துணி மட்டும்."

"துணியைக் கழற்றித் திரும்பத் துணியையே மாட்டுறவன் என்ன திருடன் அண்ணி?" என்ற காலர், முதுகுக்கும் பரவிய அரிப்புக்குக் கை எட்டாமல் ஒரு பேனலின் மூலையில் தேய்த்துக்கொண்டான். டப டப என்று சத்தம் வந்தது.

அண்ணி நிமிர்ந்தாள். "இன்னொரு தரம் தேயி."

"அண்ணி, நான் என்ன எருமையா?"

அவள் பதில் சொல்லாமல் பேனல் துணியை விரலால் சுண்டினாள். டப். அப்படியே திரும்பிக் காலரின் கழுத்துப்பட்டையைச் சுண்டினாள். டப். இரண்டும் ஒரே சத்தம், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

"பேனல் மேல வாயை வெச்சு ஊது."

அவன் துணியில் உதட்டைப் பதித்து ஊதினான். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, காற்று உள்ளே போகவில்லை. "மூச்சு முட்டுது அண்ணி."

"பாட்டுக்கும் அதான் முட்டுது" என்றாள் அண்ணி. "தச்சரே, இந்தத் துணி எப்படிப்பட்டது?"

தச்சர் உறையைக் கழற்றிவிட்டு ஓடிவந்து துணியைத் தடவினார். இரண்டு நாளாகக் கோபத்தில் அதை அவர் வெறுங்கையால் தொட்டே பார்க்கவில்லை. "மூச்சு விடுற துணிங்க. கடையில துணியை வாயில வெச்சு ஊதிப் பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரன் என்னைப் பைத்தியம்னு நெனைச்சான். சத்தம் துணி வழியா உள்ள போய்ப் பஞ்சுல சிக்கணும். இப்ப துணியே சுவரு மாதிரி திருப்பி அடிக்குது. இது... இது கஞ்சி."

"கெட்டிக் கஞ்சி" என்றாள் அண்ணி. துணியின் மூலையை மடக்கினாள். அங்கே இரண்டு சின்னத் தையல், சிவப்பு நூலில், பெருக்கல் குறி மாதிரி. காலரின் சட்டைக் கழுத்தைப் பின்பக்கம் திருப்பினாள். அங்கேயும் சிவப்பு நூலில் பெருக்கல் குறி.

அறையில் இருந்த எல்லாரும் காலரைப் பார்த்தார்கள். தச்சர் கையில் சுத்தியல் இருந்தது. அது எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அது என் சலவைக் கடையோட அடையாளம்ங்க" என்றான் காலர், ஒரு பேனலுக்குப் பின்னால் நகர்ந்தபடி. "வேற கடைத் துணியோட கலக்காம இருக்கத் தெச்சு வெப்பார். கடை ரெண்டு தெரு தள்ளி இருக்கு. வழி காட்டுறேன், சுத்தியலைக் கீழ வைங்க."

சலவைக் கடைக்காரர் ஆவிக்கு நடுவில் நின்று ஒரு தலையணை உறைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். கைக்குட்டை கொடுத்தாலும் அட்டையாக்கித் தருகிற மனிதர். காலரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அவன் சட்டையைப் பார்த்ததும் வாடியது. "முதுகுல என்ன இவ்வளவு சுருக்கம்? எதுலயாவது உரசினீங்களா?"

"பாறையில" என்றான் காலர்.

அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள். "சாம்பல் நிறத்துல எட்டுத் துணி. ஓரத்துல வெல்க்ரோ. முந்தாநாள் வந்திருக்கும்."

"வந்துச்சு. என்ன துணின்னே புரியல. பெட்ஷீட்டுன்னா சின்னது, துண்டுன்னா பெருசு. கஞ்சி வேணுமான்னு கேட்டேன். 'நல்லா கெட்டியா போடுங்க, புதுசு மாதிரி விறைச்சு நிக்கணும்'னார்."

"எட்டும் அழுக்கா இருந்துச்சா?"

"எங்க? ஏழு பளிச்சுனு இருந்துச்சு. ஒண்ணுல மட்டும் திராட்சை ஜூஸ், ஒரு முழம் நீளத்துக்கு. அதை எடுக்கத்தான் அன்னிக்கு எனக்கு உயிர் போச்சு."

அண்ணி சிரித்தாள். ஒரு வழக்கில் அவள் ஒரு தடவைதான் சிரிப்பாள், அப்போது பாதிக் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். "ஒரு துணியில கறை. அதை மட்டும் துவைச்சா எட்டுல ஒண்ணு தனியாத் தெரியும். அதனால எட்டையும் துவைச்சிருக்கான். அவனுக்குக் கறை மேல பயம் இல்ல தம்பி. கறையைப் பார்க்கப் போற ஆள் மேல பயம்."

"கொண்டு வந்தவர் முகம் ஞாபகம் இருக்கா?" என்று காலர் கேட்டான்.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "முகத்தை யார் பார்க்கிறா? நான் துணியைத்தான் பார்ப்பேன். நீலச் சட்டை, ஒரு தடவைகூட ஒழுங்காத் தேய்ச்சிருக்க மாட்டாங்க. இடது கைப் பட்டன் இல்ல. நானே தெச்சுத் தர்றேன்னேன், நேரமில்லன்னு கையைச் சுருட்டி விட்டுட்டுப் போயிட்டார்."

காலர் சொறிவதை நிறுத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணிக்கு முன்னால் அவனுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. பெருமை ஒரு பக்கம், வருத்தம் ஒரு பக்கம். நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், மச்சானைத் திருடன் என்று சொன்ன அதே வாய், அதே நீலச் சட்டை.

"அண்ணி, ஒரு கை மட்டும் சுருட்டியிருந்துச்சு. நான் அப்பவே பார்த்துத் திட்டினேன்."

"மனசுக்குள்ளயா?"

"மனசுக்குள்ளதான்."

"அடுத்த தரம் கொஞ்சம் சத்தமாத் திட்டு" என்றாள் அண்ணி. கடைக்காரரிடம் திரும்பி, "கஞ்சி போடாத துணி எட்டு வேணும், இப்பவே" என்றாள்.

இறைச்சிக் கடையில் போய்க் கீரை கேட்டது போல அவர் விழித்தார். பிறகு மனசில்லாமல் மூலையைக் காட்டினார். "பாலர் பள்ளிப் பிள்ளைங்க தூங்குறப்போ விரிக்கிறது. கஞ்சி போட்டா கன்னத்துல குத்துதுன்னு அழுவுதுங்களாம். நாளைக்குக் காலையில திரும்ப வந்தாகணும்."

துவைத்துத் துவைத்து நைந்த பழைய பருத்தி விரிப்புகள். அண்ணி ஒன்றை வாயில் வைத்து ஊதினாள். காற்று அந்தப் பக்கம் நின்ற காலரின் முகத்தில் பட்டது. விரிப்பின் மூலைக்கு மூலை மஞ்சள் நூலில் ஒரு வாத்து தைத்திருந்தது.

மூன்று மணிக்கு அவர்கள் மாடியேறியபோது அறையில் மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தார்கள். அண்ணி விரிப்பு மூட்டையை இறக்கிவிட்டு, வெயிலில் வந்த அலுப்போடு, "தொண்டை வறண்டுபோச்சு. இந்தப் பேனல் பக்கத்துல உக்காந்து ஆளுக்கொரு திராட்சை ஜூஸ் குடிப்போமா?" என்றாள்.

"ஐயோ, அது வேணாம்" என்றார் இசையமைப்பாளர். "துணியில பட்டா போகவே போகாது, நான் அன்னிக்கு..."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்தவர், தானே கரண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"அன்னிக்கு?" என்றாள் அவருடைய மனைவி.

அவர் கதவில் இருந்த அட்டையைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார். "ஒரே ஒரு டம்ளர். கால் இடறிடுச்சு. மச்சான் பார்த்தா கொன்னுடுவார்னு எட்டையும் கழற்றிச் சலவைக்குப் போட்டேன். சுத்தமா, விறைப்பா வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டேன். கஞ்சிக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு சத்தியமாத் தெரியாது. சத்தம் கெட்டதும் பஞ்சுதான்னு நெனச்சேன்."

"நெனச்சே சரி. திருடன்னு சொன்னியே" என்றார் தச்சர்.

காலர் வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள். சில இடங்களில் நகைச்சுவை எடுபடாது, அதை அவனுக்கு வார்த்தையில் விளக்க அவளுக்கு நேரமில்லை.

"அதை அப்புறம் பேசுங்க. மணி மூணே கால்" என்றாள்.

எட்டுத் துணியும் கழன்றது. தச்சர் விரிப்புகளை இழுத்து இழுத்து மாட்ட, எதிர்ப்பக்கம் இசையமைப்பாளர் தானாக வந்து பிடித்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் துணி நேராக இருந்தது. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தச்சர் வட்டத்துக்குள் நின்று கைதட்டினார்.

தப்.

அவ்வளவுதான். அதோடு செத்தது. தச்சரின் கண் கலங்கிவிட்டது. உடனே பேனல்களைச் சுற்றிப் பார்த்து வேறு காரணத்துக்காகவும் கலங்கினார். எட்டு பேனல், முப்பத்திரண்டு வாத்து. "நாப்பது பேனல் வாங்க வர்றவங்ககிட்ட இதையா காட்டுறது? பட்டறையா, கோழிப் பண்ணையான்னு கேட்பாங்களே."

"வாத்துப் பண்ணை" என்று திருத்தினான் காலர்.

படியில் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தத்துக்கு முன்னால் டொக் டொக் என்று இன்னொரு சத்தம். கதவில் வெள்ளைக் கைத்தடியோடு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்து நின்றார். கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்கிற நிலையத்துக்கு, கண் தெரியாத ஒருவர்தான் மேலாளர் என்பது தச்சருக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. போனில் யாரும் அதைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

தச்சர் வாத்துகளைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

மேலாளர் வட்டத்துக்குள் போய்த் தடியால் தரையை ஒரு தட்டு தட்டினார். தப். தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்லாருக்கு" என்றார். "ஆனா யாரோ காகிதம் கசக்குறாங்க."

யாரும் அசையவில்லை. காலருக்கு முழங்கையில் உயிர் போகிற அரிப்பு.

"இப்ப நின்னுடுச்சு" என்றார் அவர்.

காலர் தாங்க முடியாமல் ஒரே ஒரு தடவை சொறிந்தான்.

"திரும்பக் கேக்குது."

"அது என் கொழுந்தன் சட்டைங்க" என்றாள் அண்ணி.

"சட்டையா? அதை வெளிய விட்டுட்டு வரச் சொல்லுங்க."

காலர் நுனிக்காலில் வெளியே போனான். அது மூன்று வீடு தள்ளிக் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. பேனல் அறைக்குள் இருக்கிற எதிரொலியைத்தான் தின்னும், கதவைத் தாண்டுகிற சத்தத்தை ஒன்றும் செய்யாது. அதனால் உள்ளே பேசியது ஒன்றுவிடாமல் படியில் கேட்டது.

"அம்மா, பதிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றது இசையமைப்பாளரின் குரல். "ரெண்டு நாள் முன்னாடி இந்தப் பேனலைக் கெடுத்தது நான். பழியை இவர் மேல போட்டேன். பஞ்சுத் திருடன்னு சொன்னேன். இவர் கை சுத்தம், வேலை சுத்தம். மச்சான், என்னை மன்னிச்சுடுங்க."

தரையில் ஒட்டிய டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"எட்டாம் நம்பர் பேனலை அரை அடி உள்ள தள்ளி வை மாப்ள" என்றார் தச்சர். "தங்கச்சி குரல் அந்தப் பக்கம்தான் போகும்."

காலர் மூக்கை உறிஞ்சினான். அதை அவன் பஞ்சின் மேல் பழி போட்டுச் சமாளித்தான். உள்ளே மேலாளரின் விரல் எதையோ தடவியிருக்க வேண்டும். "மூலையில ஏதோ தையல் இருக்கே, இது என்ன?" என்றார்.

தச்சர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. "வாத்துங்கம்மா."

"ஓ" என்றார் அந்த அம்மாள். "நாப்பதுலயும் மூலையில ஒண்ணு தெச்சுடுங்க. எது முன்பக்கம், எது பின்பக்கம்னு எங்க ஆளுங்க தடவியே கண்டுபிடிச்சுக்கலாம்."

கதவு கொஞ்சமாகத் திறந்து அண்ணியின் தலை மட்டும் வெளியே வந்தது. "நாப்பது, தம்பி" என்று கிசுகிசுத்தாள். "பாடப் போறா. கேக்கணும்னா சட்டையை விட்டுட்டு வா."

காலர் சட்டையைக் கழற்றிப் படியில் வைத்தான். அது கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நிறுத்தப்பட்ட குற்றவாளி மாதிரி தானே நின்றது. பனியனோடு உள்ளே நுழைந்து, ஒரு வாத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பாடகி கண்ணை மூடி முதல் வரியை எடுத்தாள். அவன் வந்து உட்கார்ந்தது அந்த அறையில் ஒருவருக்கும் கேட்கவில்லை.